தொட்டிக்குப் பின்னால் நிற்பவர்

பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் வட்டாரத்துக்கு வடக்கே வெள்ளாறு ஓடுகிறது. தெற்கே, அரியலூர் மாவட்டத்தின் எல்லையாகக் கொள்ளிடம் ஓடுகிறது. வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் 1836இல் எழுப்பிய கீழணையில், 1909ஐ ஒட்டிய ஆண்டுகளில், சென்னை மாகாண மீன்துறை ஓர் அரிய முயற்சியில் இறங்கியது. கடலிலிருந்து ஆறேறி வரும் உல்லம் மீனைப் பிடித்து, அதன் சினையைக் கையால் பிழிந்தெடுத்து, கருவுறச் செய்து பொரிக்க வைக்கப் பார்த்தது. வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடும் அதே மீன்தான் இது. இந்தியாவில் அந்த மீனுக்கு இப்படிச் செய்து பார்த்தது அதுவே முதல் முறை. கடலைக் காணாத ஒரு வட்டாரத்தின் இரு பக்கத்து ஆறுகளும், நீர்வாழ் உயிர்களை மனிதன் தன் பொறுப்பில் வைத்துக் காப்பாற்றும் வித்தையின் தமிழக வரலாற்றைத் தொட்டுக்கொண்டே ஓடுகின்றன. அந்த வரலாற்றை முதலிலிருந்து பார்த்தால் ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. தொட்டி கட்டினோம், நிபுணரை அழைத்தோம், பிற்காலத்தில் பட்டதாரிகளையும் உருவாக்கினோம். அந்தத் தொட்டியை இரவும் பகலும் இயக்குகிறவருக்கு மட்டும் அது தனித் தொழில், கற்றுத்தர வேண்டிய தொழில் என்ற மதிப்பை நாம் தரவில்லை. தொடங்கிய முயற்சிகள் நிலைக்காமல் போனதற்கும், வென்றவை பரவாமல் நின்றதற்கும் இதைத்தான் நான் முதன்மைக் காரணமாகக் கருதுகிறேன்.

கீழணையில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். உல்லம் வலையில் சிக்கிய சற்று நேரத்தில் செத்துப்போகும் மீன். சினை முற்றிய பெண்ணும் ஆணும் ஒரே வேளையில் கிடைத்தால்தான் வேலை நடக்கும். கருவுற்ற முட்டை ஏறக்குறைய ஒரு நாளில் பொரித்துவிடும். அந்த ஒரு நாளும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், வெப்பம் ஏறக்கூடாது, வண்டல் படியக்கூடாது, பூசணம் பிடித்த முட்டையை உடனுக்குடன் அகற்ற வேண்டும். பொரித்த குஞ்சோ கண்ணாடி இழைபோல் மெலிந்தது. மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1873இல் வெளியிட்ட நன்னீர் மீன்வள அறிக்கையிலேயே, அணைகள் ஆறேறும் மீன்களின் வழியை அடைக்கின்றன என்று எச்சரித்திருந்தார். அடைத்த வழிக்கு ஈடாகக் குஞ்சு பொரித்து ஆற்றில் விடலாம் என்பது மீன்துறையின் எண்ணம். முட்டையைக் கருவுறச் செய்ய முடிந்தது. ஆனால் ஆண்டுதோறும் பெருமளவில் குஞ்சு விடுகிற நிலையான வேலையாக அது வளரவில்லை. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் காவிரியில் உல்லத்தின் கதை ஏறக்குறைய முடிந்தது. தோல்விக்கு அந்த மீனின் இயல்பே பெருங்காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், இன்றும் அது வளர்ப்புக்கு அடங்காத மீன்தான். ஆனாலும் இப்படிப்பட்ட வேலையில் முன்னேற ஒரே வழி, ஒவ்வொரு பருவத்திலும் அதே கைகள் அதே தொட்டிகளிடம் திரும்பி வருவதுதான். சென்ற ஆண்டு எந்த வேளையில் எந்த முட்டை ஏன் செத்தது என்று தெரிந்தவர் இந்த ஆண்டும் அங்கே நின்றாக வேண்டும். நிபுணர் வந்து போவார். நிற்க வேண்டியவர் வேறொருவர்.

அப்படி நிற்பவர் செய்யும் வேலை என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அது விளங்கினால்தான் அதை ஏன் தனித் தொழில் என்கிறேன் என்பதும் விளங்கும். குளத்து மீனுக்குக் காற்றும் வெயிலும் பாசியும் சேறும் சேர்ந்து உயிர் கொடுக்கின்றன. தொட்டி மீனுக்கு அவற்றில் ஒன்றும் இல்லை. 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 பாகையில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். மீனுக்கோ வெப்பம் ஏறஏற மூச்சுத் தேவை கூடும். நம் ஊர்க் கோடையில் இந்த இரண்டு கணக்கும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. அடுத்தது அமோனியா. மீன் தன் செவுள் வழியே விடும் கழிவு இது, மிகச் சிறு அளவிலேயே மீனைக் கொல்லும். தண்ணீரின் காரத்தன்மையும் வெப்பமும் ஏறினால் அதன் நஞ்சும் ஏறும். அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்களை ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890ஐ ஒட்டிப் பிரித்துக் காட்டினார். இன்றைய தொட்டி அமைப்பின் உயிர்நாடியான பயோஃபில்டர் அந்த பாக்டீரியாக்களின் குடியிருப்புதான். புதிதாக அமைத்த பயோஃபில்டர் தேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை நிரப்பினால் சாவு நிச்சயம். தேறிய பிறகும், குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஒருநாள் அதை அலசிவிட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே தொட்டியை இயக்குகிறவர் உண்மையில் மேய்ப்பது இரண்டு மந்தைகளை, ஒன்று கண்ணுக்குத் தெரியும் மீன்கள், மற்றொன்று தெரியாத பாக்டீரியாக்கள். இவற்றோடு மணல் ஃபில்டர், ப்ளோயர், பம்பு, புரோட்டீன் ஸ்கிம்மர், புற ஊதா விளக்கு, ஓசோன் கருவி, சில்லர், ஜெனரேட்டர் எல்லாம் சேரும். பிளம்பரின் கையும், எலக்ட்ரீஷியனின் எச்சரிக்கையும், வேதியியல் ஆய்வகத்தின் துல்லியமும், மாடு வளர்ப்பவரின் கண்ணும் ஒரே ஆளிடம் கூடவேண்டிய வேலை இது.

இந்த அறிவு பிறந்த இடத்திலும் இது கைத்தொழிலாகவே பிறந்தது. லண்டன் விலங்குக் காட்சிசாலை 1853இல் மீன்களுக்கென்று ஒரு கண்ணாடிக் கூடம் திறந்தது. தேங்கிய தண்ணீரை நம்பிய அமைப்பு அது. நிலைமையை மாற்றியவர்களில் முன்னால் நிற்பவர் வில்லியம் ஆல்ஃபர்டு லாய்டு. புத்தகம் பைண்டு செய்யும் வேலையிலிருந்து வந்தவர், பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். காட்சித் தொட்டிகளைவிடப் பெரிய, இருட்டான நீர்த்தேக்கம் ஒன்றைக் கீழே அமைத்து, அதிலிருந்து கடல்நீரை ஓயாமல் மேலேற்றி மீண்டும் கீழே வடியவிடும் முறையை அவர் செம்மைப்படுத்தினார். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் 1871இல் திறந்த காட்சியகம் அந்த முறையில் ஓடியது. ஆன்டன் டோர்ன் நேப்பிள்ஸில் நிறுவி 1874இல் மக்களுக்குத் திறந்த காட்சியகத்தின் நுழைவுக் கட்டணம் அதே கட்டடத்தின் ஆராய்ச்சிக்கு உதவியது. நீரைச் சுழலவைக்கத் தெரிந்த கைக்கு உரிய மரியாதை கிடைத்த இடங்கள் இவை.

அந்த அலை தமிழ் மண்ணை எட்டியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஃபிரடெரிக் நிக்கல்சன் 1905இல் மீன்வளத்துக்கென்று தனிப்பணியில் அமர்த்தப்பட்டார். 1907இல் சென்னை மாகாணத்தில் இந்தியாவின் முதல் மீன்துறை அமைப்பு உருவானது. அதே 1907இல் நீலகிரியில் அவலாஞ்சி டிரௌட் பொரிப்பகம் எச்.சி. வில்சனின் பொறுப்பில் எழுந்தது. கீழணையில் உல்லத்தோடு போராடியவரும் இதே வில்சன்தான். அவலாஞ்சிக்கு முன்கதை ஒன்று உண்டு. 1860களில் பிரான்சிஸ் டே நீலகிரிக்கு டிரௌட் கொண்டுவர முயன்று தோற்றார். கப்பலில் வந்த முட்டைகள் வெப்ப மண்டலத்தைத் தாண்டிப் பிழைக்கவில்லை. வில்சனின் முயற்சி பிடித்துக்கொண்டது, அவலாஞ்சி இன்றும் இருக்கிறது. அதன் நீண்ட ஆயுளுக்கு மலை ஓடை ஒரு காரணம் என்பேன். குளிர்ந்த, காற்று நிறைந்த நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானே ஓடி முட்டைகளைத் தழுவிச் செல்லும் இடத்தில் பம்பும் ஃபில்டரும் செய்யவேண்டிய வேலையை இயற்கையே செய்துவிடுகிறது. ஆள் கொஞ்சம் தவறினாலும் ஓடை தவறாது. சமவெளியில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

சமவெளியில் செய்த பெரிய முயற்சி சென்னை மெரினா கடற்கரையில் 1909 அக்டோபரில் மக்களுக்குத் திறந்த மீன் காட்சியகம். இந்தியாவில் அதுவே முதல். சென்னை அருங்காட்சியகத்தின் மேற்பார்வையாளராக நெடுங்காலம் இருந்த எட்கர் தர்ஸ்டனின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது அது. பத்தாண்டு அருங்காட்சியகத்தின் கீழ் இருந்து, 1919இல் மீன்துறையின் கைக்கு மாறியது. உயிரோடு நீந்தும் கடல்மீனைக் கண்ணாடிக்கு அப்பால் பார்க்கும் வாய்ப்பு அன்றைய சென்னைவாசிக்கு எவ்வளவு புதியதாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். பவளப்பாறை மீன்கள் வாழும் தெளிந்த நீரும், அலை மணலைக் கலக்கி அடிக்கும் மெரினாவின் நீரும் ஒன்றல்ல. வடகிழக்குப் பருவமழையில் கூவமும் அடையாறும் கடலில் கொட்டும் வெள்ளம் கரையோர நீரின் உப்பைக் குறைத்துவிடும். இந்த இடத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் ஒரு கடல்நீர்க் காட்சியகம் ஓடியது என்றால், அதை ஓட்டிய கைகள் கெட்டிக்காரக் கைகளாகத்தான் இருந்திருக்க வேண்டும். மேற்பார்வையாளர்களின் பெயர்கள் வரலாற்றில் நின்றுவிட்டன. நீரை மாற்றியவர்கள், மணலை அலசியவர்கள், இரவில் காவல் இருந்தவர்கள் பெயரில்லாத சிப்பந்திகளாகவே போனார்கள். அவர்களுக்கென்று ஒரு பயிற்சிப் பள்ளி எழவில்லை. அவர்களுடைய அறிவு அடுத்த தலைமுறைக்குப் போக வழியும் வகுக்கப்படவில்லை.

இரண்டாம் உலகப் போரில், 1942இல், ஜப்பானியர் குண்டுவீசுவார்கள் என்று சென்னை நகரமே வெறிச்சோடியபோது அந்தக் காட்சியகமும் மூடப்பட்டது. பழைய உருவில் அது மீளவே இல்லை. பயிற்சி பெற்ற ஆள் இல்லாததா இதற்குக் காரணம், போரும் பணமும் அல்லவா என்று கேட்கலாம். மூடியதற்குப் போர்தான் காரணம், அதை மறுப்பதற்கில்லை. மீளாததற்கும் நியாயமான காரணம் உண்டு. பஞ்சமும் பற்றாக்குறையும் நிலவிய 1940களில் அரசின் கவனம் மீனைக் காட்டுவதிலிருந்து மீனை உணவாக்குவதற்குத் திரும்பியது, அது சரியான திருப்பமும்கூட. 1947 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் வேரூன்றியதும் அந்தக் கவலையிலிருந்துதான். ஆனால் கண்ணாடிக் கூடத்தை இழப்பது வேறு, அதை இயக்கிய அறிவை இழப்பது வேறு. கட்டடம் போனாலும் தொழில் நின்றிருந்தால், பின்னால் குஞ்சுப் பொரிப்பகங்கள் வந்தபோது அந்த அறிவு அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். தொழிலாக அது அங்கீகரிக்கப்படாததால் சிப்பந்திகளோடு அதுவும் கலைந்தது, பொரிப்பகக் காலம் ஏறக்குறைய வெறுங்கையோடு தொடங்க நேர்ந்தது.

இதற்கு நடுவே நீர்வாழ் உயிர்க்காப்பை யாரும் பார்க்காத ஓர் இடத்தில் நடத்திக்கொண்டிருந்தவர்கள் உண்டு, மீன்குஞ்சு சுமந்தவர்கள். வங்காளத்தின் ஆறுகளில் அள்ளிய கெண்டைக் குஞ்சுகள் மண்பானைகளில் ரயிலேறித் தொலைதூரம் போயின. பானையருகே உட்கார்ந்தவர் இரவெல்லாம் அதை அசைத்துக்கொண்டும், கையால் நீரைத் தெளித்துக் காற்றேற்றிக்கொண்டும், நிலையம் வரும்போது நீரில் ஒரு பங்கை மாற்றிக்கொண்டும் போவார். ப்ளோயரின் வேலையும் ஃபில்டரின் வேலையும் அவர் கையிலேயே நடந்தன. கோதாவரியின் கட்லா 1920களில் காவிரிக்கு வந்து சேர்ந்தது, இன்று அது காவிரிப் படுகையின் சொந்த மீன்போல ஆகிவிட்டது. 1950களுக்குப் பின் ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பை வந்ததும் பானை ஆட்களின் வேலை போயிற்று. பை வந்தது நல்லதே. ஆனால் எத்தனை குஞ்சு, எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம், எந்த வெப்பம் என்று அவர்கள் விரல்நுனியில் வைத்திருந்த கணக்கு பாடமாக எழுதப்படாமலே போனது பெரிய இழப்பு.

1957 ஜூலை 10ஆம் நாள் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி, பிட்யூட்டரிச் சாறு செலுத்திக் கெண்டையை முட்டையிட வைத்தார். இந்திய உள்நாட்டு மீன் வளர்ப்பின் திருப்புமுனை அதுதான், ஆண்டுதோறும் ஜூலை 10 மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுவதும் அதனால்தான். ஆற்றில் குஞ்சு அள்ளிய காலம் முடிந்து பொரிப்பகக் காலம் தொடங்கியது. வட்டத் தொட்டியில் நீரைச் சுழலவிட்டு முட்டையைப் பொரிக்கவைக்கும் சீன முறை பரவியபின் மேட்டூர், பவானிசாகர் போன்ற அணைக்கட்டு ஊர்களின் பண்ணைகள் மாநிலத்துக்கே குஞ்சு கொடுத்தன. அரசு இதே காலத்தில் பயிற்சி நிலையங்களையும் திறந்தது. அவை யாருக்குத் திறந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். 1950களில் தொடங்கிய மீனவர் பயிற்சி நிலையங்கள் விசைப்படகையும் எஞ்சினையும் வலையையும் கற்றுத்தந்தன. கொச்சியிலும் பிறகு சென்னையிலும் அமைந்த மத்திய நிறுவனம் கப்பல் ஓட்டும் மீன்பிடிப் பணியாளர்களை உருவாக்கியது. 1977இல் தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி பிறந்தது, அங்கே நான்காண்டு படித்து வெளியே வந்தவர்கள் பெரும்பாலும் அதிகாரிகளாகவும் ஆராய்ச்சியாளர்களாகவும் போனார்கள். பிடிப்பவருக்குப் பள்ளி கிடைத்தது, மேற்பார்ப்பவருக்குக் கல்லூரி கிடைத்தது. இடையில் தொட்டியருகே நின்றவர் தினக்கூலியாகவே நின்றார். 1950இல் தொடங்கிய கைத்தொழிற் பயிற்சித் திட்டத்தின் கீழ் நாடெங்கும் ஐடிஐக்கள் எழுந்து ஃபிட்டரையும் வெல்டரையும் பம்பு ஆபரேட்டரையும் சான்றிதழோடு அனுப்பிய அதே காலம்தான் இது. உயிருள்ள தண்ணீரை இயக்குவதும் பம்பு ஆபரேட்டர் வேலைபோல் ஒரு தொழில் என்று யாருக்கும் தோன்றவில்லை.

தூத்துக்குடியிலும் மண்டபத்திலும் நடந்தவை இந்தக் குறையை இன்னும் கூர்மையாகக் காட்டுகின்றன, ஏனென்றால் அங்கே அறிவியல் வென்றது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள் 1973இல் முத்துச்சிப்பியில் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். 1981இல் முத்துச்சிப்பியைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்தார்கள். 1988இல் கடல் அட்டைக்கும் அதைச் செய்தார்கள். முத்துச்சிப்பியின் குஞ்சு, மணிக்கணக்கில் வடிகட்டிய கடல்நீரில், தனியாக வளர்த்த நுண்பாசியை உண்டு, இருபதுக்கு மேற்பட்ட நாட்கள் மிதந்தபின்தான் ஒரு பரப்பில் ஒட்டும். அந்த நாட்களில் ஒருநாள் பாசி கெட்டாலும் எல்லாம் போய்விடும். பாண்டியர் காலத்திலிருந்து முத்துக் குளித்த கடற்கரைக்கு இது எவ்வளவு பெரிய கதவாக இருந்திருக்கலாம்! ஆனால் முத்து வளர்ப்பு கடற்கரைக் கிராமங்களின் தொழிலாகப் பெருகவில்லை. சந்தை, முதலீடு, கடல் மாசு என்று பல காரணங்கள் சொல்லலாம், அவை உண்மைதான். அவற்றோடு இதையும் சேர்க்கிறேன்: ஆய்வகத்துக்கு வெளியே அந்தத் தொட்டியை நம்பி ஒப்படைக்கக்கூடிய பயிற்சி பெற்ற ஆட்கள் நூற்றுக்கணக்கில் இல்லை.

1990களில் இறால் வந்தபோது ஆட்கள் தேவைப்பட்டார்கள், தேவை தனக்கான ஆட்களைத் தானே உருவாக்கிக்கொண்டது. மரக்காணம் தொடங்கி நாகப்பட்டினம் வரை கிழக்குக் கடற்கரை ஓரமாகப் பொரிப்பகங்கள் முளைத்தன. டெக்னீஷியன் என்ற பெயரில் ஒரு புதிய கூட்டம் ஒரு பொரிப்பகத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்தது. கற்றது அங்கேயே, பார்த்தும் தவறியும். 1994, 1995 ஆண்டுகளில் வெண்புள்ளி நோய் இறால் பண்ணைகளை அழித்தது. சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை இறால் பண்ணைகளுக்கு எதிராகக் கடுமையான தீர்ப்பு அளித்தது. நோய்க்குக் காரணம் வைரஸ், டெக்னீஷியனின் அறியாமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவன் வெளியேற்றிய நீரை அடுத்தவன் உள்ளே எடுத்த பழக்கமும், நோயுற்ற தாய் இறாலைப் பரிசோதிக்காமல் தொட்டியில் விட்ட பழக்கமும், அடிப்படைப் பயிற்சி தடுத்திருக்கக்கூடியவை. 2005இல் கடலோர நீர்வாழ் உயிர் வளர்ப்பு ஆணையத்துக்கான சட்டம் வந்தது. 2009இல் வன்னாமி இறாலை அனுமதித்தபோது, வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால் ஒவ்வொன்றும் சென்னை நீலாங்கரையில் அமைத்த தனிமைப்படுத்தும் மையத்தின் வழியாகவே உள்ளே வரவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. வரும் நீரைச் சுத்திகரித்து, விலங்கைப் பிரித்து வைத்து, நோய்க்குச் சோதித்து, போகும் நீரையும் கிருமி நீக்கி அனுப்பும் அந்த மையத்தில் தொட்டி இயக்குவது விதிக்குக் கட்டுப்பட்ட வேலையாகிவிட்டது. மெரினாவில் 1909இல் தொடங்கிய கதையில் இதை நான் பெரிய முன்னேற்றமாக மதிக்கிறேன்.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது, இப்போதுதான் எல்லாம் இருக்கிறதே என்பது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012இல் மீன்வளப் பல்கலைக்கழகம் பிறந்துவிட்டது. அது தொழிற்கல்விப் பட்டப்படிப்புகளையும் மீன்வளப் பொறியியலையும் நடத்துகிறது. வேளாண் திறன் கவுன்சில் அலங்கார மீன் டெக்னீஷியனுக்கும் மீன் வளர்ப்புத் தொழிலாளிக்கும் தகுதி வரையறை வகுத்திருக்கிறது. இவை எல்லாம் வரவேற்க வேண்டியவை, பல்கலைக்கழகத்தின் தொழிற்கல்வி முயற்சி நான் கேட்பதற்கு மிக அருகில் வருகிறது. ஆனால் பட்டப்படிப்பின் மையம் மீன், அதன் இனம், தீனி, நோய், விளைச்சல். நான் பேசுவது நீரைப் பற்றி. பம்பின் அழுத்தமானி காட்டும் எண் ஏன் கூடுகிறது, ஃபில்டரை எப்போது பின்னோக்கி அலசுவது, நள்ளிரவில் மின்சாரம் போனால் முதல் ஐந்து நிமிடத்தில் எந்த வால்வை மூடி எந்தத் தொட்டிக்கு முதலில் காற்று கொடுப்பது என்பவை நான்காண்டுப் பட்டத்தின் ஓரத்தில் வைக்கக்கூடியவை அல்ல. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ஓராண்டு, ஈராண்டு கை நனைத்துக் கற்க வேண்டியவை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் நியூபோர்ட் என்ற சிறு துறைமுக ஊரின் சமுதாயக் கல்லூரி காட்சியக அறிவியலுக்கென்றே தனிப் படிப்பை நடத்தியிருக்கிறது. நீர்வாழ் விலங்குகளின் உயிர்காப்பு அமைப்பை இயக்குவோர் அங்கே தமக்கென்று ஒரு சங்கம் வைத்து, தேர்வு நடத்தி, படிநிலைச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். பெரிய பல்கலைக்கழக நகரத்தில்தான் இது நடக்கும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு அந்த ஊரே சான்று.

படிப்பே வேண்டாம், பரம்பரை அறிவு போதும் என்போரும் உண்டு. அவர்கள் சென்னை கொளத்தூரைக் காட்டலாம். வீட்டு முற்றத்திலும் மாடியிலும் சிமெண்டுத் தொட்டி வைத்து அலங்கார மீன் வளர்த்து, நாடெங்கும் அனுப்பும் குடும்பங்கள் அங்கே நிறைய. பெண்கள் பெரும்பங்கு வேலையைச் செய்கிறார்கள், பெரும்பாலோர் கல்லூரிக்குப் போய் அதைக் கற்கவில்லை. கொளத்தூரை நான் மனமார மதிக்கிறேன். அது என் வாதத்தின் ஒரு பாதியை மெய்ப்பிக்கிறது, அதாவது இது பட்டம் இல்லாமல் கற்கக்கூடிய கைத்தொழில். மற்றப் பாதி, அது குடும்பத்துக்குள்ளேயே நிற்கிறது என்பது. கொளத்தூரில் பிறக்காத பிள்ளைக்கு அந்தக் கதவு எப்படித் திறக்கும்? கருவியே எல்லாம் பார்த்துக்கொள்ளும், சென்சார் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் என்போருக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். ஆக்சிஜன் அளக்கும் முனையில் சில நாட்களிலேயே பாசி படியும், அதைத் துடைத்துச் சரிபார்க்காவிட்டால் அது பொய் எண் காட்டும். செய்தி வந்ததும் ஓடிச்சென்று செய்யவேண்டியது தெரிந்தவர் இல்லாவிட்டால் செய்தியால் மீன் பிழைக்காது.

இனி குன்னம். கடலில்லாத, மழையை நம்பிய, பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் இந்த வட்டாரத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்பது இயல்பான கேள்வி. 2020இல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டம் நீரை மறுசுழற்சி செய்யும் வளர்ப்பு முறையை உள்நாட்டு மாவட்டங்களுக்கும் கொண்டுவந்துவிட்டது. எட்டுத் தொட்டி கொண்ட பெரிய அலகுக்கு 50 லட்சம் ரூபாய் என்று செலவு வரம்பு வைத்து, பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும் பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 60 விழுக்காடும் மானியம் வகுத்தது. அந்தத் தொகை தொட்டியின் எண்ணிக்கையையும் கொள்ளளவையும் வைத்துப் போட்டது. அவ்வளவு அடர்த்தியாக மீன் நிறைந்த தொட்டியில் ப்ளோயர் நின்றால் மீனுக்கு மிஞ்சும் நேரம் மிகக் குறைவு. கடன் வாங்கிக் கட்டிய குடும்பத்தின் வாழ்வே ஓரிரவில் அந்த ஒரு வால்வில் தொங்கும். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் மீனா என்று கேட்பவரின் கவலை நியாயமானது. ஆனால் மறுசுழற்சி முறை நாளொன்றுக்கு மொத்த நீரில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் புதிதாகக் கேட்கும், வெளியேறும் நைட்ரேட் நிறைந்த நன்னீர் வயலுக்கு உரம். நீரை வீணாக்காமல் ஓட்டத் தெரிந்த ஆள் இருந்தால்தான் இந்தக் கணக்கு மெய்யாகும், தெரியாவிட்டால் அச்சத்தில் தினமும் பாதித் தொட்டியைக் கொட்டித்தான் மீனைக் காப்பாற்றுவார்.

இன்னொரு காரணமும் உண்டு, அது இந்த மண்ணுக்கே உரியது. காரையிலும் சாத்தனூரிலும் கல்லங்குறிச்சியிலும் கிடக்கும் புதைபடிவங்களை ஹென்றி பிளான்ஃபோர்டு 1860களில் விரிவாக எழுதியது முதல், இது கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் மூடியிருந்த நிலம் என்று உலகம் அறியும். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையில் கிரைபியா என்ற சிப்பியின் ஓடுகள் படுகை படுகையாகக் கிடக்கின்றன, சிமெண்டு ஆலைகள் வெட்டுவது அதைத்தான். பயோஃபில்டரில் ஒரு கிராம் அமோனியா நைட்ரஜன் மாறும்போது ஏழு கிராமுக்குச் சற்று மேலான காரத்தன்மை செலவாகிறது. அதை ஈடுசெய்யாவிட்டால் நீர் புளித்து, பாக்டீரியா ஓய்ந்து, அமோனியா ஏறும். சிப்பி ஓடும் சுண்ணாம்புக் கல்லும் அந்த ஈட்டைத் தரும் பழைய பொருள்கள். ஆனால் நீர் கொஞ்சம் புளித்த பிறகே அவை கரையத் தொடங்கும், அடர்த்தியான தொட்டிக்கு அந்த வேகம் போதாமல் சோடா உப்பும் போட வேண்டியிருக்கும். எவ்வளவு கல், எவ்வளவு உப்பு, எந்த நேரத்தில் என்பதை உள்ளூர்க் கல்லையும் உள்ளூர்க் கிணற்றின் கடின நீரையும் வைத்தே மாணவர் அளந்து கற்கலாம். கடல்நீர் வேண்டுமென்றால் உப்புக் கலவையால் செய்துகொள்ளலாம், உலகின் பல உள்நாட்டுக் காட்சியகங்கள் அப்படித்தான் ஓடுகின்றன.

படித்தவருக்கு வேலை எங்கே என்று பெற்றோர் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். கிழக்குக் கடற்கரையின் இறால் பொரிப்பகங்கள், சீர்காழியை அடுத்த தொடுவாயில் கொடுவா மீன் குஞ்சு பொரிக்கும் ராஜீவ் காந்தி மையம், முட்டுக்காட்டின் உவர்நீர் ஆய்வுக்கூடம், மண்டபத்தின் கோபியா பொரிப்பகம், 2019இல் ஈஞ்சம்பாக்கத்தில் திறந்த தனியார் கடல்வாழ் காட்சியகம், மானியத்தில் எழுந்த மறுசுழற்சிப் பண்ணைகள் என்று இன்றே ஆள் தேடும் இடங்கள் பல. இவற்றில் தொட்டி இயக்கச் சேர்பவரிடம் பெரும்பாலும் அதற்கென்று தனிச் சான்றிதழ் கேட்கப்படுவதில்லை, அதனாலேயே கூலியும் உயர்வதில்லை. விலங்கைத் தொட்டியில் அடைப்பதே தவறு, அதற்கு ஆள் பயிற்றுவிப்பது அந்தத் தவறைப் பெருக்குவதாகாதா என்ற எதிர்ப்பு என்னை அதிகம் யோசிக்க வைப்பது. காட்சிக்காக மட்டும் பெரிய கடல் விலங்குகளை அடைப்பதை நானும் ஏற்கவில்லை. ஆனால் உணவுக்கும் குஞ்சுக்கும் நோய்த்தடுப்புக்குமாகத் தொட்டிகள் ஏற்கெனவே நிறைந்துவிட்டன, அவற்றில் இருக்கும் உயிர்களின் மூச்சு இன்று இரவும் யாரோ ஒருவரின் கையில்தான் இருக்கிறது.

ஐடிஐயில் புதிய தொழிற்பிரிவு சேர்வது மத்தியப் பயிற்சி இயக்குநரகத்தின் முடிவு. அந்தத் தொழிலுக்கு ஆள் எடுப்போம் என்று முதலாளிகள் முன்வந்து சொன்னால் அந்தக் கோரிக்கைக்கு வலு கிடைக்கும். பொரிப்பக உரிமையாளர் சங்கங்களும் மீன்வளப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஓராண்டுப் பாடத்திட்டம் ஒன்றை எழுதி, அதை முதலில் கடற்கரையிலும் பெரம்பலூர், அரியலூர் போன்ற ஓர் உள்நாட்டு மாவட்டத்திலும் ஒரே சமயத்தில் நடத்திப் பார்க்கலாம். ஒரு வகுப்பறை, நான்கு தொட்டி, ஒரு மணல் ஃபில்டர், ஒரு பயோஃபில்டர், இரண்டு ப்ளோயர், வாரம் ஒருமுறை முழுச் சுமையோடு ஓட்டிப் பார்க்க ஒரு ஜெனரேட்டர், ஒவ்வொரு பணிமுறை மாறும்போதும் மாணவர் தன் கையால் எழுதும் ஒரு பதிவேடு. கீழணைத் தொட்டிகளருகே நின்றவர் ஒரு பருவத்திலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோயிருக்க வேண்டிய பதிவேடு அது.